நெக் பிக்கப் எதை வாங்குவது?

"அண்ணே, நெக்ல போட்டா சவுண்டு பொத்துன மாதிரி இருக்கு. நல்ல பவரா ஒண்ணு மாத்தித் தாங்க." மார்த்தாண்டத்தில் நான் கிட்டார் பழுது பார்க்கும் அறைக்கு வருகிறவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். அருமனை, கருங்கல், குளச்சல், திங்கள்சந்தை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் குறை ஒன்றுதான், கேட்கிற மருந்தும் ஒன்றுதான். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருந்து ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப், கம்பிகள் வந்து முடியும் அடிமுனைப் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப். குறையைச் சரியாகச் சொல்கிறார்கள். மருந்துதான் தலைகீழ். ஏற்கெனவே பொத்தி ஒலிக்கும் இடத்தில் பவர் கூடிய பிக்கப்பை வைத்தால் இன்னும் பொத்தும்.

ஏன் என்று ஒரு முறை புரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கம்பியை மீட்டினால் நடுப்பகுதியில் அகலமாக ஆடும், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொஞ்சமாக ஆடும். நெக் பிக்கப், கம்பி தாராளமாக ஆடும் இடத்துக்கு அடியில் இருக்கிறது. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 162 மில்லிமீட்டரில், அதாவது கால் பங்கில் இருக்கிறது. அங்கே அடிப்படைச் சுரம் பலமாகக் கிடைக்கும், அதற்கு மேலே சேர்ந்து ஒலிக்கும் மெல்லிய சுரங்கள், அதாவது ஹார்மானிக்குகள் குறைவாகக் கிடைக்கும். அதனால் ஒரே பிக்கப்பை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தால் நெக்கில் சத்தமும் கூடும், பாஸும் கூடும். பிரிட்ஜ் பிக்கப்பில் கூடுதல் சுற்றுச் சுற்றி விற்பது இந்த வித்தியாசத்தைச் சமன் செய்யத்தான். பலம் நெக்கில் சும்மாவே கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது தெளிவு.

இருபத்துநான்காவது ஃபிரெட் (விரல் பலகையில் பதித்த உலோகக் கோடு) வரவேண்டிய இடத்துக்கு நேர் கீழே பிக்கப் இருந்தால்தான் அந்தத் தேன் போன்ற நெக் சவுண்டு வரும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கம்பியைத் திறந்து வாசிக்கும்போது மட்டும்தான் அந்தக் கணக்கு பொருந்தும். மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினாலே கம்பியின் நீளம் மாறிவிடுகிறது, கால் பங்கு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் 24 ஃபிரெட் உள்ள கிட்டார்களில் ஃபிங்கர்போர்டு நீண்டுவிடுவதால் நெக் பிக்கப் பிரிட்ஜ் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போகிறது என்பது உண்மை. அந்தக் கிட்டார்களில் நெக் சவுண்டு இயல்பாகவே சற்று மெலிந்து, கூர்மையாக இருக்கும். 21, 22 ஃபிரெட் கிட்டார் வைத்திருக்கும் நண்பர் சிபாரிசு செய்யும் பிக்கப், உங்கள் 24 ஃபிரெட் கிட்டாரில் அதே மாதிரி ஒலிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும் முன்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எலக்ட்ரிக் கிட்டார் அதிகம் ஒலிக்கும் இடம் ஆலயம். ஞாயிறு ஆராதனை, கன்வென்ஷன் கூட்டம், டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், அப்புறம் கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடையில் மெல்லிசைக் கச்சேரி. இவற்றில் பல இடங்களில் ஆம்ப் கிடையாது. கிட்டாரிலிருந்து ஒரு கேபிள் நேரே மிக்ஸருக்குப் போகிறது. என்னிடம் வரும் நெக் பிக்கப் புகார்களில் பெரும் பகுதிக்குக் காரணம் இதுதான். பிக்கப்பில் குற்றமே இல்லை.

சாதாரண பிக்கப்புக்கு எதிரே பத்து லட்சம் ஓம் அளவில், அதாவது ஒரு மெகா ஓம் உள்ள இன்புட் வேண்டும். கிட்டார் ஆம்ப்பில் அது இருக்கும். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் பத்து, இருபதாயிரம் ஓம்தான். மைக் இன்புட் இன்னும் குறைவு. அதில் செருகினால் பிக்கப்பின் மேல் சுமை ஏறி, ட்ரெபிள் செத்து, சத்தமும் இறங்கிவிடும். பிரிட்ஜ் பிக்கப்பில் ட்ரெபிள் மிச்சம் இருப்பதால் சமாளித்துவிடலாம். நெக்கில் மிச்சம் இல்லை, அதனால் அங்கேதான் குறை தெரிகிறது. இதற்கு ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) ஒன்று போதும். சில மிக்ஸர்களில் முதல் சேனலிலேயே கிட்டாருக்கான ஹை-இசட் பட்டன் இருக்கும். யாரும் அழுத்தியிருக்க மாட்டார்கள், போய்ப் பாருங்கள். பாஸ் (Boss) கம்பெனியின் பெடல் ஏதாவது உங்களிடம் இருந்தால், அது அணைந்திருக்கும்போதும் உள்ளே பஃபர் (பிக்கப்பின் மேல் சுமை ஏறாமல் காக்கும் சர்க்யூட்) வேலை செய்யும். இடையில் அதை வைத்தாலே வித்தியாசம் தெரியும். இதையெல்லாம் செய்து பார்க்காமல் பிக்கப் வாங்க வந்தவரிடம் நான் காசு வாங்குவதில்லை. என் பெடலைக் கொடுத்து, அடுத்த ஞாயிறு வாசித்துவிட்டு வரச் சொல்லுவேன்.

கேபிளும் அப்படித்தான், நீளம் கூடக் கூட அதன் கெபாசிட்டன்ஸ் ட்ரெபிளைத் தின்னும். ஒரு மீட்டருக்கு நூறு பிகோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், பாடகர் குழுவிலிருந்து மிக்ஸர் வரை போகும் பன்னிரண்டு மீட்டர் கேபிள் 1200 பிகோ ஃபாரட். மூன்று மீட்டர் கேபிளோடு ஒப்பிட்டால் பிக்கப்பின் ட்ரெபிள் முனைப்பு அவ்வளவு கீழே இறங்கிவிடும். டி.ஐ. பாக்ஸைக் காலடியில் வைத்துக்கொண்டு அதுவரை சிறிய கேபிள், அங்கிருந்து மைக் கேபிள் என்று போனால் இந்தப் பிரச்சினையும் தீரும்.

அடுத்து உயரம். கடையிலிருந்து வரும் கிட்டார்களில் நெக் பிக்கப் பெரும்பாலும் தேவைக்கு மேல் தூக்கி வைக்கப்பட்டிருக்கும். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பகுதிக்கும் பிக்கப் போலுக்கும் (மேலே தெரியும் உலோகத் தண்டு) உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஃபெண்டர் தன் சாதாரண சிங்கிள் காயில்களுக்கு (ஒரே சுருள் உள்ள பிக்கப்) சொல்லும் அளவு பாஸ் பக்கம் 2 மில்லிமீட்டர், ட்ரெபிள் பக்கம் 1.6 மில்லிமீட்டர். கிப்ஸன் தன் நெக் ஹம்பக்கருக்கு (இரண்டு சுருள் உள்ள பிக்கப்) சொல்வது 2.4 மில்லிமீட்டர். இதைத் தொடக்கமாக வைத்து அங்கிருந்து இறக்கிக்கொண்டே போங்கள். பாஸ் பக்கத்தை அரை மில்லிமீட்டர் இறக்கியதும் நெக் சவுண்டு வாய் திறந்து பேசும் கிட்டார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் போல்கள் காந்தத் தண்டுகளே என்பதால் கம்பியை இழுக்கும். கிட்ட இருந்தால் தடித்த ஈ கம்பியில் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் சுருதி இரண்டாகப் பிரிந்து அலையும். ட்யூனரில் முள் நிற்காது, இன்டொனேஷன் செட் ஆகாது. கிட்டாரே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு ஸ்க்ரூவைத் திருப்பினால் தீர்ந்தது.

கடைசியாக, வால்யூம் பாட் (pot), அதாவது குமிழுக்கு அடியில் உள்ள ரெசிஸ்டர், எத்தனை கிலோ ஓம் (கே) என்று மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். ஹம்பக்கருக்கு 500 கே, சிங்கிள் காயிலுக்கு 250 கே என்பது வழக்கம். ஹம்பக்கர் உள்ள கிட்டாரில் 250 கே போட்டிருந்தால் நெக் மங்கலாகத்தான் இருக்கும். ஒரு பாட் மாற்றினால் போதும், பிக்கப் மாற்ற வேண்டாம். பழைய கம்பியை மாற்றுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகும் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால், சரி, வாங்கலாம்.

யாரோடு வாசிக்கிறீர்கள்

பிக்கப்பைத் தனியாக வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். நம் ஊரில் கிட்டாருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கீபோர்டு இருக்கும். கீபோர்டுக்காரரின் இடது கை, பேஸ் கிட்டார், ஆண்குரல் மூன்றும் ஒரே பகுதியில் நெருக்கி நிற்கும். உங்கள் நெக் பிக்கப்பும் அங்கே போய் நின்றால் யாருக்கும் எதுவும் கேட்காது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது கனமாக, இனிமையாக இருந்த அதே பிக்கப் ஆலயத்தில் காணாமல் போவது இதனால்தான். குழுவோடு வாசிக்கிறவர், தனியாகக் கேட்டால் கொஞ்சம் மெலிவாகத் தோன்றும் பிக்கப்பை எடுக்க வேண்டும். இதை ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது எளிதில் நம்பிவிடும்.

வேதநாயக சாஸ்திரியார் காலத்துக் கீர்த்தனைகளை ராகம் கெடாமல் கிட்டாரில் எடுக்க விரும்புகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. எனக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம். கமகத்துக்குக் கம்பியை வளைத்தும் இழைத்தும் வாசிக்கும்போது பிரிட்ஜ் பிக்கப்பில் பிக் உரசும் சத்தம் முன்னே வந்து நிற்கும். நெக்கில் சுரம் உருண்டையாக வரும். அவர்களுக்கு நான் ஆல்நிக்கோ 2 காந்தம் உள்ள பிக்கப்பைச் சொல்லுவேன். ஆல்நிக்கோ 5-ஐ விட அதன் இழுவை குறைவு, அதனால் கம்பி தடையில்லாமல் ஆடும். தொடுகையும் மென்மையாக இருக்கும். டோன் குமிழை ஆறு, ஏழில் வைத்தால் போதும். முழுக்கக் குறைத்தால் எரிக் கிளாப்டன் க்ரீம் குழுவில் இருந்த நாளில் பிரபலமாக்கிய அந்தப் புல்லாங்குழல் சாயல் வரும். ஓவர்டிரைவோடு அது அழகு, கீர்த்தனைக்கு ஒட்டாது.

தாளம் பிடித்து கார்டு மட்டும் வாசிக்கிறவருக்கு ஆல்நிக்கோ 5 நல்லது. கீழ்ப் பகுதி இறுக்கமாகவும் மேல் பகுதி திறந்தும் இருக்கும். செராமிக் காந்தத்தை நெக்கில் நான் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. டிஸ்டார்ஷனை ஏற்றி வேகமாக லீட் வாசிக்கும் தம்பிகளுக்கு மட்டும் அது உதவும்.

இரைச்சல்

சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா என்ற கேள்விக்கு வெளிநாட்டு வீடியோக்களில் டோனை வைத்துப் பதில் சொல்லுவார்கள். நம் ஊரில் கரண்டை வைத்துத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் இடத்தில் சிங்கிள் காயில் அந்த உறுமலை, அதாவது ஹம்மைப் பிடிக்கும். அதோடு திருவிழாப் பந்தலில் சீரியல் செட், சோக் வைத்த டியூப் லைட், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், பக்கத்திலேயே ஜெனரேட்டர். கோட்டாறு சவேரியார் ஆலயத் திருவிழா டிசம்பர் 3-இல் முடிந்த கையோடு, எல்லா ஊரிலும் கிறிஸ்துமஸ் விளக்கு எரியத் தொடங்கிவிடும். அந்த மாதத்தில் என்னிடம் வரும் அழைப்புகளில் பாதி "உர்ர்" சத்தம் பற்றியவை.

இதில் இரண்டு வகை உண்டு. பிரித்துத் தெரிந்துகொண்டால் காசு மிச்சம். டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றின் காந்தப் புலத்திலிருந்து வருவது அடித்தொண்டை ஹம். கிட்டாரோடு நீங்கள் திரும்பினால் கூடிக் குறையும். ரெகுலேட்டரும் டிம்மரும் கிளப்புவது கீச்சென்ற பஸ் (buzz) இரைச்சல். கம்பியைத் தொட்டால் பெரும்பாலும் குறையும். கிட்டாரின் உள்குழியில் செம்புத் தகடு ஒட்டி எர்த் செய்தால் இரண்டாவது நன்றாக அடங்கும். முதலாவது அதற்கு அசையாது. அதற்கு ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரண்டு காயில் வேண்டும். ஸேத் லவர் கிப்ஸனில் வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதே தத்துவம்தான். இன்று சிங்கிள் காயில் அளவிலேயே, மேலும் கீழுமாகவோ பக்கத்தில் பக்கத்திலோ இரண்டு காயில் வைத்த நாய்ஸ்லெஸ் வகைகள் கிடைக்கின்றன. பந்தலிலும் மைதானத்திலும் அடிக்கடி வாசிக்கும் ஸ்ட்ராட் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது அதைத்தான். அசல் சிங்கிள் காயிலின் பளபளப்பில் கொஞ்சம் போகும். கன்வென்ஷன் மேடையில் ஜெபம் நடக்கும்போது கிட்டார் உறுமிக்கொண்டிருப்பதை விட அது எவ்வளவோ மேல்.

வீட்டிலும் ரெக்கார்டிங்கிலும் மட்டும் வாசிக்கிறீர்களா? அப்படியானால் அசல் சிங்கிள் காயிலையே எடுங்கள். ஸ்ட்ராட்டின் நெக் சிங்கிள் காயிலில் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஸ்டீவி ரே வானும் எடுத்த ஒலிக்கு மாற்று இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

பெட்டியில் இருக்கும் எண்கள்

டி.சி. ரெசிஸ்டன்ஸ் எத்தனை கிலோ ஓம் என்று பார்த்துப் பலத்தை மதிப்பிடுகிறார்கள். ஒரே வகை ஒயர், ஒரே வகைக் காந்தம் என்றால்தான் அந்த ஒப்பீடு செல்லும். ஸ்ட்ராட் பிக்கப்பில் வழக்கமாக 42 கேஜ் ஒயர், 0.063 மில்லிமீட்டர் தடிப்பு, ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று, ஆறு கிலோ ஓம் அளவு. டெலிகாஸ்டர் நெக்கில் அதைவிட மெல்லிய 43 கேஜ். ஒயர் மெலிந்தால் அதே சுற்றுக்கு ஓம் கூடும். அதனால் ஏழு, ஏழரை கிலோ ஓம் காட்டும் டெலி நெக், ஆறு காட்டும் ஸ்ட்ராட் நெக்கை விடப் பலமானது என்று கணக்குப் போட முடியாது. வாசித்துப் பார்த்தால் அது இன்னும் சாதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, செம்பின் ரெசிஸ்டன்ஸ் வெப்பத்தோடு ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம். 20 டிகிரியில் 7.5 காட்டும் பிக்கப், நம் ஊர் 32 டிகிரியில் 7.85 காட்டும். பெட்டியில் போட்டிருப்பதும் மீட்டர் காட்டுவதும் ஒத்துப்போகவில்லை, போலி என்று அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்.

எண்ணை வைத்துப் பார்க்க வேண்டியது ஒரு விஷயத்துக்குத்தான்: ஏற்கெனவே பிரிட்ஜில் இருப்பதோடு பொருந்துமா? ஹம்பக்கர் இரண்டு உள்ள கிட்டாரில், பிரிட்ஜில் ஒன்பதுக்குள் இருந்தால் நெக்கில் ஏழு, ஏழரை போதும். பிரிட்ஜில் 16 கிலோ ஓம் ஒட்டிய சீமோர் டங்கன் ஜேபி போன்றது இருந்தாலும் நெக்குக்கு அதே அளவு தேட வேண்டாம். டங்கன் கம்பெனியே ஜேபிக்கு ஜோடியாக விற்பது ஏழரையை ஒட்டிய ஜாஸ் மாடலைத்தான். அந்த ஜாஸ், தெளிவு தேடுகிறவருக்கு நான் முதலில் சொல்லும் ஹம்பக்கர். கீபோர்டோடு மோதாமல் ஒதுங்கி நிற்கும். அதே கம்பெனியின் 59 மாடலில் கீழ்ப் பகுதி கூடுதல், மூன்று பேர் குழுவில் இடம் நிரப்ப நன்றாக இருக்கும். மென்மை வேண்டுமென்றால் ஆல்நிக்கோ 2 ப்ரோ.

பி-90 பற்றியும் ஒரு வார்த்தை. 1946-இல் வந்தது, அகலமான சிங்கிள் காயில். ஹம்பக்கரின் சதையும் சிங்கிள் காயிலின் கடியும் சேர்ந்தது. நெக்கில் எனக்கு மிகப் பிடித்த ஒலி அது. ஆனால் ஹம் பிடிப்பதில் அதற்கு நிகர் அதுவே. சீரியல் செட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஹம்பக்கர் வாங்குவதென்றால் நான்கு ஒயர் வெளியே வருவதாக வாங்குங்கள். இரண்டு காயிலையும் வழக்கமான சீரிஸ் இணைப்பிலிருந்து பேரலலுக்கு மாற்றும் ஒரு சின்ன ஸ்விட்ச் போட்டால், சத்தம் இறங்கி ஒலி பளிச்சென்று ஆகும், ஹம்மும் வராது. காயில் ஸ்ப்ளிட்டை (ஒரு காயிலை மட்டும் ஒலிக்க விடுவது) எல்லோரும் கேட்கிறார்கள். நெக்கில் எனக்கு பேரலல்தான் உகந்ததாகப் படுகிறது. ஸ்ப்ளிட் செய்த நிமிஷமே ஹம் திரும்பி வந்துவிடுமே.

போல் இடைவெளியையும் பார்த்து வாங்குங்கள். நெக்கில் கம்பிகள் நெருக்கம், அதனால் ஹம்பக்கர் 49, 50 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 52, 53 என்றால் அது பிரிட்ஜுக்கானது. விலை குறைவு என்று அதை எடுத்து நெக்கில் போடாதீர்கள்.

ஸ்ட்ராட் வகையில் போல்கள் ஏறி இறங்கி இருக்கும் பழைய பாணியும் உண்டு, சமமாக இருப்பதும் உண்டு. 1954-இல் அந்தக் கிட்டார் வந்தபோது மூன்றாவது ஜி கம்பி சுற்றுக் கம்பியாக இருந்தது. அதற்காக ஜி போலை உயர்த்தி வைத்தார்கள். இன்று எல்லோரும் போடும் வெறும் ஜி கம்பிக்கு அந்த உயரம் கூடுதல், அது மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். சமமான போல் உள்ளதை எடுங்கள். பழைய பாணிப் பிக்கப்பில் போலைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கப் பார்க்காதீர்கள். காயில் அந்தத் தண்டின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும், உள்ளே ஒயர் அறுந்துவிடும்.

கடற்கரைக்காரர்களுக்கு

முட்டம், குளச்சல், மணக்குடி, இனயம் பக்கத்திலிருந்து வரும் கிட்டார்களைத் திறந்தால் உப்பு தன் வேலையைக் காட்டியிருக்கும். ஆல்நிக்கோவில் இரும்பு பெரும் பங்கு, அதனால் துருப் பிடிக்கும். உயரம் சரிசெய்யும் ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் ஒட்டிக்கொள்ளும். துரு பரவி உள்சுற்று ஒயரைத் தின்றுவிட்டால் மீட்டரில் எதுவும் காட்டாது, பிக்கப் செத்தது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆக, கிட்டார் முழுக்க உலரும் மாதங்கள் குறைவு. கடற்கரையில் குடியிருப்பவர் மெழுகில் முக்கியெடுத்த, உலோகக் கவர் போட்ட ஹம்பக்கரையோ, முழுக்க மூடிய நாய்ஸ்லெஸ் வகையையோ வாங்குவது நல்லது. வாசித்து முடித்ததும் போல் முகங்களைத் துணியால் துடையுங்கள், கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கவர் ஒலியை மந்தமாக்கும் என்பார்கள். நிக்கல் சில்வர் கவர் என்றால் அந்த வித்தியாசம் மிகச் சிறிது. பித்தளைக் கவர் என்றால் ட்ரெபிளைக் கொஞ்சம் எடுத்துவிடும்.

மாட்டும்போது

சால்டரிங் தெரிந்தவர் வீட்டிலேயே செய்யலாம். காயிலைச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்க்ரூடிரைவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு காயிலில் குத்துவது அடிக்கடி நடப்பது.

ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றும்போது ஃபேஸ் (இரண்டு பிக்கப்பின் சிக்னலும் ஒரே திசையில் போகிறதா என்பது) பார்க்காமல் ஈயம் வைக்காதீர்கள். நெக்கும் மற்றதும் சேர்ந்து ஒலிக்கும் பொசிஷனில் சத்தம் மெலிந்து, மூக்கால் பேசுவது போல் வந்தால் ஃபேஸ் எதிர். முன்கூட்டியே தெரிந்துகொள்ள, மீட்டரை 20 கே ஓமில் வைத்து, சிவப்பு முனையை ஹாட் (சிக்னல் வரும்) ஒயரிலும் கறுப்பை எர்த்திலும் பிடித்து, போலில் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஒட்டிவிட்டு வெடுக்கென்று இழுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். முள் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் போக வேண்டும். ஸ்ட்ராட்டில் இதோடு ஒரு காம்பஸும் வையுங்கள். பழைய நெக் பிக்கப்பின் மேல்முகம் காம்பஸின் எந்த முனையை இழுத்ததோ புதியதும் அதையே இழுக்க வேண்டும். அப்போதுதான் நெக்கும் மிடிலும் சேரும் இடத்தில் ஹம் அடங்கும் அந்த வசதி தொடரும். முகம் மாறி வந்த பிக்கப்பை ஒயர் மாற்றி ஃபேஸுக்குக் கொண்டுவரலாம், ஆனால் ஹம் அடங்காது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்குங்கள்.

ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டங்கனில் கறுப்பு ஹாட், சிவப்பையும் வெள்ளையையும் முறுக்கி மூட வேண்டும், பச்சையும் வெற்று ஒயரும் எர்த். டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட், கறுப்பையும் வெள்ளையையும் முறுக்கி மூட வேண்டும், பச்சையும் வெற்று ஒயரும் எர்த். ஒன்றின் படத்தை வைத்து மற்றதை மாட்டினால் சத்தம் வராது, அல்லது பாதிதான் வரும்.

ஃபேஸ் எதிராக இருந்தால் பொதுவாக இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் முடிந்தது. டெலிகாஸ்டர் நெக்கில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. அதன் உலோகக் கவர் எர்த் ஒயரோடு உள்ளேயே இணைந்திருக்கும். ஒயரை மாற்றினால் கவர் ஹாட்டாகிவிடும், கை பட்டதும் கத்தும். அந்தச் சிறு இணைப்பை வெட்டிவிட்டு, கவருக்கென்று தனி ஒயர் ஒன்று எடுத்து எர்த்தில் ஈயம் வைத்த பிறகு மாற்றுங்கள். பின்னல் ஒயர் ஒன்று மட்டும் வரும் பழைய பாணி ஹம்பக்கரிலும் இதே சிக்கல் உண்டு. அதைத் திறந்துதான் மாற்ற முடியும். பழக்கமில்லாதவர் அதற்குக் கை வைக்காமல் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.